வைரம் பாய்ந்த யந்திரம்

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, வாங்கி இரண்டு வருஷம் முழுதாக நிறையாத என் ப்ளூடூத் இயர்பட்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சென்னை ரிச்சி தெருவில் எனக்குப் பழக்கமான ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். இடது காதுக்குரியது நாற்பது நிமிஷத்துக்கு மேல் பாடுவதில்லை. வலது காதுக்குரியதோ, சார்ஜ் ஏறிவிட்டதாகப் பச்சை விளக்கைக் காட்டிவிட்டு, காதில் செருகிய சிறிது நேரத்துக்கெல்லாம் மௌனமாகிவிடுகிறது. கடைக்காரத் தம்பி அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஸ்க்ரூவே கிடையாது, எல்லாம் பசை போட்டு ஒட்டினது. திறந்தா உடைஞ்சிரும். புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழுதானது உள்ளே இருக்கும் சுண்டைக்காய் அளவு பேட்டரி ஒன்றுதான் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதை மாற்றுவதற்கு வாசல் வைக்காமலே அந்தப் பொருளைச் செய்திருக்கிறார்கள்.

அப்பொழுதுதான் அவருடைய மேஜையின் மறுகோடியில், பழைய துண்டொன்றின் மேல் பிரித்துப் போடப்பட்டிருந்த சாம்பல் நிறப் பெட்டி என் கண்ணில் பட்டது. அது நின்டெண்டோ கம்பெனியின் கையடக்க விளையாட்டு யந்திரமான முதல் கேம் பாய். அதன் சொந்தக்காரர் பேட்டரிகளை உள்ளேயே விட்டுவிட்டுப் பல வருஷங்கள் மறந்துபோயிருக்க வேண்டும். அவை கசிந்து, தகடுகளில் பச்சை பூத்திருந்தது. தம்பி எலுமிச்சைச் சாற்றில் தோய்த்த பழைய பல் பிரஷ்ஷால் அந்தப் பச்சையை நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட யந்திரம் வைத்தியத்துக்கு இடங்கொடுத்துக்கொண்டு கிடக்க, இரண்டு வருஷத்துப் பொருள் வைத்தியத்துக்கே இடமில்லையென்று தள்ளப்பட்ட அந்த மேஜையின் முன் நின்றபோது, சாதனங்களைப் பற்றிப் பல நாளாக மனத்தில் வைத்திருந்த ஓர் அபிப்பிராயத்தை விரிவாகவே எழுதிவிட வேண்டுமென்று தீர்மானித்தேன்.

புதிய கைப்பேசியோ விளையாட்டு யந்திரமோ சந்தைக்கு வரும்போதெல்லாம் அதற்குள் எத்தனை புதிய சரக்கு இருக்கிறது என்பதை முதலில் கணக்கெடுத்து, அந்தக் கணக்கின் உயரத்தைக் கொண்டே அதன் யோக்கியதையை நிர்ணயிக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நானும் பல வருஷங்கள் அப்படித்தான் மதிப்பிட்டு வந்தேன். அந்தப் பழக்கத்திலிருந்து என்னை மீட்டவர், அந்தக் கேம் பாயைச் செய்த, கியோட்டோ நகரத்துக்காரரான குன்பே யோகோய்.

நின்டெண்டோ 1889-ஆம் வருஷத்தில் கியோட்டோவில் ஹனாபுதா என்னும் பூச்சீட்டுகளைச் செய்து விற்பதற்காகத் தோன்றிய ஸ்தாபனம். தோஷிஷா சர்வகலாசாலையில் மின்னணுவியல் படித்த யோகோய், 1965-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த உத்தியோகம், சீட்டுகளைத் தயாரிக்கும் யந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான். ஓய்வு நேரத்தில் தம் சந்தோஷத்துக்காக அவர் செய்துவைத்திருந்த, நீட்டினால் எட்டிப் பிடித்து, மடக்கினால் சுருங்கிக்கொள்ளும் கை போன்ற பொம்மை ஒன்றை அக்காலத்துத் தலைவர் ஹிரோஷி யமவுச்சி கண்டு, அதையே விற்பனைக்குச் செய்யும்படி சொன்னார். 1966-இல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வெளிவந்த அந்தப் பொம்மை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. யந்திரங்களுக்கு எண்ணெய் போட வந்தவர் பொம்மைகளின் சிருஷ்டிகர்த்தாவானார்.

அவர் தம் தொழிலுக்கு வைத்துக்கொண்ட சூத்திரம் ஒன்று ஜப்பானில் மிகவும் பிரசித்தம். 'கரேதா கிஜுட்சு நோ சுய்ஹே ஷிகோ' என்பது அது. 'கரேதா' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் காய்ந்தது, உலர்ந்தது என்பதாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அதை வாடிப்போன தொழில்நுட்பம் என்று பெயர்த்துவிட்டதனால், ஏதோ காலாவதியான சரக்கை மலிவாக வாங்கி ஒப்பேற்றுகிற தந்திரம் அது என்று பலர் நினைத்துவிட்டார்கள். உண்மையில் அதற்கு ஈடான சொல் நம் தச்சர்களிடம் இருக்கிறது. பச்சை மரத்தில் கதவு செய்தால் ஒரு கோடை கழிவதற்குள் அது முறுக்கிக்கொள்ளும். பல வருஷம் நின்று, ஈரம் வற்றி, எந்தப் பக்கம் வளையும் எந்தப் பக்கம் வெடிக்கும் என்பதெல்லாம் தெரிந்துபோன மரத்தையே அவர்கள் வைரம் பாய்ந்தது என்பார்கள். அவ்வாறே குணமும் குற்றமும் முழுமையாக வெளிப்பட்டு, விலையும் இறங்கி, எல்லாத் தொழிற்சாலைகளிலும் கைபடிந்துவிட்ட ஒரு தொழில்நுட்பத்தை எடுத்து, அது பிறந்த காரியத்தை விட்டு வேறொரு காரியத்துக்குப் பக்கவாட்டில் திருப்புவதுதான் யோகோயின் சூத்திரம்.

அதற்கு முதல் நிதர்சனம் 1980-இல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்'. ரயிலில் பிரயாணம் செய்கையில், பொழுது போகாத ஒருவர் தம் கால்குலேட்டரின் பொத்தான்களைச் சும்மா அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து அந்த எண்ணம் உதித்ததாக யோகோய் சொல்லியிருக்கிறார். அக்காலத்தில் ஷார்ப், காஸியோ முதலிய கம்பெனிகளுக்குள் கால்குலேட்டர் விலைப்போர் உக்கிரமாக நடந்து, திரவப்படிகத் திரையும் அதை இயக்கும் சில்லும் மிகவும் மலிந்துவிட்டிருந்தன. எண்களைக் காட்டிக்கொண்டிருந்த அந்தத் திரையில் ஒரு சிறு மனிதனைப் பந்து வீசச் செய்து, இரண்டு கட்டைவிரல்களாலும் ஆடும்படி அமைத்து, பெரியவர் ஒருவர் பிறர் கவனத்தை ஈர்க்காமல் தம் மடியில் வைத்து விளையாடும் அளவுக்கு அதைச் சிறிதாக்கினார். அந்த வரிசையில் மொத்தம் 4 கோடியே 34 லட்சம் விற்றன. 1982-இல் அதே வரிசையில் 'டாங்கி காங்' என்ற ஆட்டத்தை மடக்கும் பெட்டியில் வைக்க வேண்டியிருந்தபோது, துருத்தி நிற்கும் ஜாய்ஸ்டிக் மூடியில் இடிக்குமே என்ற சங்கடத்திலிருந்து பிறந்ததுதான், இன்று உலகத்து ஆட்டக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றிலும் இடது கட்டைவிரலின் கீழ் இருக்கும் கூட்டல் குறி வடிவப் பொத்தான்.

இனி கேம் பாய்க்கு வருகிறேன்; என் மனம் அதிகமாக ஒட்டிக்கொண்டிருப்பது இதனிடந்தான். 1989 ஏப்ரல் 21-ஆம் தேதி ஜப்பானில் 12,500 யென் விலைக்கு அது வெளியாயிற்று. 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட, பாசி நிறம் படிந்த திரை, அதில் நான்கே சாயைகள், பின்னொளி கிடையாது. ஷார்ப் செய்து கொடுத்த சில்லு, எழுபதுகளின் பழைய சில்லுகளின் வம்சத்தில் வந்தது. வினாடிக்குச் சுமார் 42 லட்சம் துடிப்பு அதன் வேகம். வேலை நினைவகம் 8 கிலோபைட். சடோரு ஒகாடா முதலிய என்ஜினீயர்கள் யோகோயுடன் சேர்ந்து உழைத்து, இந்தச் சாமானியச் சாமான்களிலிருந்து ஒரு முழுமையை உண்டாக்கினார்கள்.

அதே 1989-இல் அமெரிக்காவில் அடாரி கம்பெனி 'லிங்க்ஸ்' என்ற யந்திரத்தை வெளியிட்டது. வர்ணத் திரை, பின்னொளி, படங்களை நொடியில் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் காட்டும் வல்லமை எல்லாம் அதற்கு இருந்தன. மறு வருஷம் சேகா கம்பெனியின் 'கேம் கியர்' ஜப்பானில் வந்தது, அதுவும் வர்ணமயமானது. இந்த இரண்டையும் கேம் பாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த எவரும், போட்டி தொடங்குமுன்பே முடிந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். ஆனால் லிங்க்ஸின் விலை சுமார் 180 டாலர், கேம் பாயின் விலை அதில் பாதி. லிங்க்ஸும் கேம் கியரும் ஆறு பென்சில் பேட்டரிகளை விழுங்கிவிட்டு நாலைந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கேம் பாய் நான்கு பேட்டரிகளில் பதினைந்து மணி நேரம்வரை ஓடும். ஒரு குழந்தையின் கையில் இருக்கும் பணமும், அந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கும் காரின் பின்ஸீட்டும், வாங்கிக் கொடுத்த பேட்டரிகள் ஒரே பகலில் தீர்ந்துவிட்டால் தகப்பனாரின் முகம் போகும் போக்கும் ஆகிய இவையெல்லாம் ஒரு விளையாட்டு யந்திரத்தின் அங்கங்களே என்பதை அறிந்தவர் செய்த கணக்கு அது. வர்ணத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கினார் யோகோய். பின்னால் வந்த வர்ணக் கேம் பாயையும் சேர்த்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றதாகக் கம்பெனியின் கணக்கு சொல்கிறது.

இதற்கு வாய்த்த ஆட்டமும் இதே ஜாதியைச் சேர்ந்தது. மாஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ், 1984-இல் 'எலெக்ட்ரானிகா 60' என்ற கணினியில் டெட்ரிஸை எழுதினார். படம் வரையும் சக்தி அந்தக் கணினிக்கு இல்லாமையால் எழுத்துக் குறிகளையே அடுக்கிக் கட்டங்களாக்கினார். ஹெங்க் ராஜர்ஸ் என்ற வியாபாரி 1989-இல் மாஸ்கோவுக்கே போய், கையடக்க யந்திரங்களுக்கான உரிமையைச் சோவியத் ஸ்தாபனத்திடமிருந்து பெற்றுவந்ததும், அமெரிக்காவில் ஒவ்வொரு கேம் பாயுடனும் டெட்ரிஸையே சேர்த்துக் கொடுத்தால் சிறுவர்கள் மாத்திரமன்றி எல்லாரும் வாங்குவார்கள் என்று நின்டெண்டோவை வற்புறுத்தியதும் இன்று சரித்திரம். நான்கு சாயைத் திரையில் குறையாகத் தெரியாத ஆட்டம் ஒன்று உண்டென்றால் அது டெட்ரிஸ்தான். தொண்ணூறுகளில் நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்ற 'பிரிக் கேம்' என்ற மலிவுப் பெட்டியில், 9999 ஆட்டங்கள் இருப்பதாக அட்டையில் அச்சிட்டிருப்பார்கள்; அதில் நான் விடாமல் ஆடியது ஒன்றே ஒன்று, அதுவும் இந்தச் செங்கல் அடுக்கும் ஆட்டந்தான். அதன் ஜனகர் மாஸ்கோக்காரர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கேம் பாயின் பக்கவாட்டில் ஒரு சிறு துவாரம் உண்டு. இரண்டு பெட்டிகளை ஒரு கம்பியால் இணைப்பதற்காக வைத்தது. முதல் சில வருஷங்களில் டெட்ரிஸில் எதிரெதிராக ஆடுவதற்கே பெரும்பாலும் உபயோகப்பட்டது. சிறுவயதில் பூச்சி பிடிப்பதில் மோகங்கொண்டிருந்த சடோஷி தஜிரி, அந்தக் கம்பியினூடே பூச்சிகள் ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்தார். அந்தக் கற்பனையிலிருந்து 1996 பிப்ரவரியில் 'போக்கிமான்' என்ற ஆட்டம் பிறந்தது. ஏழு வயதை நெருங்கி, வியாபாரிகள் இறுதி மரியாதைக்குத் தயாராகிக்கொண்டிருந்த யந்திரத்துக்கு அது இரண்டாம் இளமையைக் கொடுத்தது. ஒருவர் கண்டுபிடித்த துவாரத்தின் அர்த்தத்தை மற்றொருவர் கண்டுபிடிப்பதற்கு வேண்டிய அவகாசத்தை அந்த யந்திரம் உயிரோடிருந்து கொடுத்ததல்லவா, அதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த ஆனந்தம் உண்டாகிறது.

யோகோயின் சூத்திரம் எப்பொழுதும் பலித்தது என்று சொல்வது நேர்மையாகாது. 1995-இல் அவர் செய்த 'வர்ச்சுவல் பாய்' என்ற யந்திரத்திலும் பழகிய சரக்கே இருந்தது. மலிவாகக் கிடைத்த சிவப்பு விளக்குகள் 224-ஐ ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வரிசையாக நிறுத்தி, ஊசலாடும் கண்ணாடியினால் அந்த வரிசையை முழுப் படமாக விரித்துக் காட்டும் யுக்தி மெச்சத்தக்கதே. எனினும் மேஜைமேல் நிறுத்திய அந்தப் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, செந்நிற இருட்டில் தனியே உட்கார்ந்து ஆட வேண்டியிருந்தது. அது சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம்தான் விற்றது. மரம் வைரம் பாய்ந்ததாக இருந்தால் மட்டும் போதாது. கதவைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரர் முகம் தெரிய வேண்டும் என்பது அந்தத் தோல்வியைப் பற்றி என் கருத்து. 1996-இல் கம்பெனியை விட்டு விலகி, தனியே ஒரு சிறு ஆய்வுக்கூடம் வைத்த யோகோய், 1997 அக்டோபர் 4-ஆம் தேதி நெடுஞ்சாலை விபத்தொன்றில் காலமானார். பண்டாய் கம்பெனிக்காக அவர் யோசித்துக் கொடுத்த 'வொண்டர்ஸ்வான்' 1999 மார்ச்சில் வெளிவந்தது. விலை 4,800 யென், வேண்டியது ஒரே ஒரு பேட்டரி. நான்கிலிருந்து ஒன்றுக்கு இறங்கியதைப் பார்க்க அவர் இல்லை.

அவருடைய வழி அவரோடு போய்விடவில்லை. 2017-இல் வந்த நின்டெண்டோவின் 'ஸ்விட்ச்' யந்திரத்துக்குள் இருந்தது, இரண்டு வருஷத்துக்கு முன்பே என்விடியா வெளியிட்டிருந்த டெக்ரா எக்ஸ்1 சில்லு. சரக்கில் புதுமை குறைவு. ஆனால் பக்கத்திலுள்ள இரண்டு பிடிகளையும் கழற்றி, ஒன்றை எதிரில் இருப்பவரிடம் நீட்டலாம் என்ற யோசனை, கேம் பாயின் பக்கத்துத் துவாரத்துக்கு நேர் வாரிசு. அமெரிக்காவில் பானிக் என்ற சிறு கம்பெனி 2022-இல் வெளியிட்ட 'பிளேடேட்' என்ற மஞ்சள் பெட்டி இதனினும் துணிச்சலானது: கறுப்பும் வெளுப்புமான, பின்னொளியில்லாத திரை, பக்கத்தில் கிணற்று ராட்டினத்தின் பிடி போல் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. அந்தப் பிடியை முன்னும் பின்னும் சுற்றினால் ஆட்டத்தின் காலம் முன்னும் பின்னும் ஓடும்படியெல்லாம் அதற்கு ஆட்டங்கள் எழுதியிருக்கிறார்கள். வால்வ் கம்பெனியின் 'ஸ்டீம் டெக்' இவ்வளவு எளிமையானதன்று, பெரியது, கனமானது. ஆயினும் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் அதன் முதுகைத் திறக்கலாம். உதிரிப் பாகங்களை ஐஃபிக்ஸிட் என்ற கம்பெனி மூலம் பகிரங்கமாக விற்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, யோசனை கேட்கிற நண்பர்களுக்கு நான் அதைத் தயங்காமல் சிபாரிசு செய்து வருகிறேன்.

இதற்கு மாறான போக்கை இந்த இரண்டு மூன்று வருஷங்களில் மிகுதியாகவே பார்த்துவிட்டோம். ஹ்யூமேன் என்ற கம்பெனி 2024 ஏப்ரலில், சட்டையில் குத்திக்கொள்ளும் 'ஏஐ பின்' என்ற வில்லையை 699 டாலருக்கு விற்றது. அதற்குமேல் மாதந்தோறும் 24 டாலர் சந்தா. திரைக்குப் பதிலாக உள்ளங்கையில் லேசர் எழுத்து, பொத்தானுக்குப் பதிலாக வாய்மொழி என்று அனைத்தும் பச்சை மரம். 2025 பிப்ரவரியில் ஹெச்பி கம்பெனி அதன் சொத்துகளில் பெரும்பகுதியை 11 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது, அந்த மாதம் 28-ஆம் தேதியோடு சர்வர்கள் நின்றன, வில்லைகள் உயிரிழந்தன. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பொருள், உடையாமல், நனையாமல், கீழே விழாமல், எங்கோ தொலைதூரத்தில் ஒரு சுவிட்ச் அணைக்கப்பட்டதனால் மரித்துப்போவதை நான் ஒரு காலும் நியாயமென்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆட்டங்களிலும் இதே அநீதி நடந்திருக்கிறது. யுபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய ஆட்டம், தனியே ஆடுபவருக்கும் சர்வர் இணைப்பு வேண்டுமென்று அமைக்கப்பட்டிருந்ததால், 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வர் நிறுத்தப்பட்டதும், பணங்கொடுத்து வாங்கியவர்களின் அலமாரியிலிருந்த டிஸ்க்குகள் வெறும் தகடுகளாயின. இதை எதிர்த்து எழுந்த இயக்கம் ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. நானும் அங்கே பிரஜையாக இருந்தால் முதல் நாளே கையெழுத்திட்டிருப்பேன். 2025 ஜூன் 5-ஆம் தேதி வெளிவந்து, நான்கே நாளில் 35 லட்சம் விற்ற 'ஸ்விட்ச் 2' யந்திரத்தைப் பற்றி நல்ல விஷயங்கள் பல சொல்லலாம். ஆனால் அதற்கு வரும் கேசட்டுகளில் ஒரு வகை, ஆட்டத்தைத் தன்னுள் வைத்திராமல், இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்குரிய சாவியை மாத்திரம் வைத்திருக்கிறது. கேம் பாயைச் செய்த அதே வீட்டிலிருந்து இப்படி ஒரு கேசட் வருவது எனக்கு மனக்கஷ்டத்தை உண்டாக்குகிறது. கடை மூடினாலும் சாவி நம் கையில் இருக்கும், ஆனால் பூட்டுள்ள வீடு இருக்காது.

இப்பொழுதைய சந்தை நிலவரமும் யோகோயின் பக்கமே சாய்ந்து நிற்கிறது. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போவதால், சில்லறையில் வாங்குபவர்களுக்கு அவற்றின் விலை ஏறிவிட்டது. 2025 டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, சொந்தமாகக் கணினி கட்டுகிறவர்கள் நெடுங்காலமாக நம்பி வாங்கிய 'குரூஷியல்' சில்லறை வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. நினைவகம் மலிவாகக் கிடைத்த காலத்தில், 8 கிலோபைட்டுக்குள் ஓர் உலகத்தைக் கட்டியவர்களின் சிக்கனம் யாருக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை. இனிமேலாவது வரும் என்று எதிர்பார்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டமோ, கையடக்கப் பேட்டரிகளை உபயோகிப்பவரே கழற்றி மாற்றும்படி சாதனங்கள் அமைய வேண்டுமென்று 2027 பிப்ரவரி 18-ஆம் தேதியைக் கெடுவாக வைத்திருக்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. ஆனாலும் பசையால் ஒட்டி விற்கும் வழக்கத்தின்மீது ஒரு சர்க்கார் கை வைத்ததை நான் மனமார வரவேற்கிறேன்.

ரிச்சி தெருவுக்குத் திரும்புகிறேன். நான் இந்த யோசனைகளில் ஆழ்ந்து நிற்கையிலேயே தம்பி தகடுகளைத் துடைத்து, ஊதிக் காயவைத்து, மூன்று முனை கொண்ட ஒரு விசேஷ ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியை மூடிவிட்டார். மேஜை அறையிலிருந்து நான்கு பென்சில் பேட்டரிகளை எடுத்துப் போட்டு, தலைமேலிருந்த சுவிட்சை நகர்த்தினார். ஓரத்தில் சிறு சிவப்பு விளக்கு எரிந்தது. கேசட் செருகியிருந்தால் திரையின் உச்சியிலிருந்து கம்பெனியின் பெயர் மெல்ல இறங்கி வரும். அந்தப் பெயரையே அந்த யந்திரம் கேசட்டிலிருந்துதான் வாசிக்கிறதாகையால், இப்பொழுது பெயருக்குப் பதிலாக ஒரு கறுப்புப் பட்டை மாத்திரம் இறங்கி வந்து நடுவில் நின்றது.

"அவ்வளவுதான் சார், உயிர் இருக்கு. இதுக்கு ஒரு கேசட் கிடைச்சாப் போதும்" என்றார் தம்பி.

"என்னிடம் டெட்ரிஸ் இருக்கிறது தம்பி, நாளைக்குக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு, இயர்பட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு மௌண்ட் ரோடு பக்கம் நடந்தேன்.